பழுதறியும் கலை

உரைநடை உலகம்

நுழையும்முன்

எந்திரம் ஒன்று நின்றுபோனால் எதையாவது கழற்றிப் பார்க்கக் கை துடிக்கிறது. ஆனால், கை நீள்வதற்கு முன்னர் அறிவு நீள வேண்டும். ‘பழுது எங்கே?’ என்னும் வினாவைச் சரியான வரிசையில் கேட்கத் தெரிந்தவருக்கு எந்திரமே விடை சொல்கிறது. மின்கம்பி எட்டாத இடங்களில் இரும்பை இணைக்க உதவும் பற்றவைப்பு மின்னாக்கியைச் சான்றாகக் கொண்டு, பழுதறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மின்கம்பி எட்டாத இடத்தில்

ஆற்றின் குறுக்கே பாலம் எழும்பும் இடம், மின்னிணைப்பு இன்னும் வந்துசேராத புதுக் கட்டடம், வயல் நடுவே அமையும் தகரக் கொட்டகை, புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடக்கும் ஊர் ஆகிய எல்லா இடங்களிலும் இரும்பை இரும்போடு இணைக்க வேண்டிய தேவை எழுகிறது. அங்கெல்லாம் பற்றவைப்பாளர் தம் கருவிகளோடு மின்சாரத்தையும் உடன்கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கென அமைந்ததே பற்றவைப்பு மின்னாக்கி. பட்டறைகளில் இதனை ‘வெல்டிங் ஜெனரேட்டர்’ என்பர். இருவர் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய பெட்ரோல் எந்திரங்களும், சக்கரம் பூட்டி இழுத்துச் செல்லும் பெரிய டீசல் எந்திரங்களும் இவ்வகையில் உள்ளன.

பலர் இவ்வெந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்துப் பணி செய்கின்றனர். எந்திரம் நின்றாலும் வாடகை நிற்பதில்லை. பற்றவைப்பாளரும் உதவியாளரும் அடுத்த வேலைக்காகக் காத்திருக்கும் கொத்தனாரும் கைகட்டி நிற்க நேரிடும். பொழுது சாய்ந்தால் அன்றைய கூலியும் சாயும். பதற்றத்தில் தவறான உறுப்பை மாற்றினால் பணம் கரையும். பாதுகாப்பை மறந்தால் உயிருக்கே ஊறு நேரும். எனவே, பழுதறிதல் என்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. வாழ்வாதாரத்தையும் உயிரையும் காக்கும் அறிவாகும்.

ஒரே தண்டில் இரு பகுதிகள்

இவ்வெந்திரத்தில் இரண்டு பகுதிகள் ஒரே தண்டால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒன்று, எரிபொருளை எரித்துச் சுழலும் எஞ்சின்; மற்றொன்று, அச்சுழற்சியை மின்சாரமாக மாற்றும் மின்பகுதி. கம்பிச்சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் மாறும்போது அக்கம்பியில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்தார். அந்த உண்மையே இன்றும் மின்னாக்கிகளின் அடிப்படையாக விளங்குகிறது.

எஞ்சின் சுழலும் வேகத்திற்கும் கிடைக்கும் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காந்த முனைகளின் எண்ணிக்கையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 120ஆல் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இரண்டு முனைகள் கொண்ட மின்னாக்கி நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் தரும். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் இதுவே. சுமை ஏறும்போது வேகம் சற்றுக் குறையும் என்பதால், சுமை இல்லாத நிலையில் அதிர்வெண் 52 ஹெர்ட்ஸ் அளவில் இருக்குமாறு எஞ்சினின் வேகத்தைச் சிறிது கூட்டி வைப்பர்.

மின்பகுதியிலிருந்து இருவகை மின்சாரம் வெளிவருகிறது. கிரைண்டர், துளையிடும் கருவி, விளக்கு ஆகியவற்றுக்கு 230 வோல்ட் மின்சாரம் ஒரு வழியாகக் கிடைக்கிறது. பற்றவைப்புக்கான மின்சாரம் மற்றொரு வழியாக வருகிறது. பற்றவைப்புக் குச்சியாகிய ‘ராடு’ இரும்பைத் தொடுமுன் அங்கு ஏறத்தாழ 60 முதல் 80 வோல்ட் இருக்கும். மின்சுடர் எழுந்தவுடன் மின்னழுத்தம் 20 முதல் 30 வோல்ட்டாகத் தாழ்ந்து, மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் தாண்டிப் பாயும். 150 ஆம்பியர் மின்னோட்டமும் 26 வோல்ட் மின்னழுத்தமும் இருப்பின் சுடர் மட்டுமே 3900 வாட் திறனை உண்கிறது. அதே நேரத்தில் 2000 வாட் கிரைண்டர் ஒன்றையும் இயக்கினால் இரண்டின் சுமையையும் ஒரே எஞ்சின்தான் தாங்க வேண்டும். ஒரு குடத்து நீரை இரு தோட்டங்களுக்குப் பங்கிடுவது போன்ற நிலை இது. பழுது என்று கருதப்படுபவற்றுள் சில, உண்மையில் அளவுக்கு மிஞ்சிய சுமையே.

முதல் வினா

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், மருத்துவர் முதலில் பிணி இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, அதன்பின் செயற்பட வேண்டும் என்று வரிசை வகுக்கிறது. எந்திரப் பழுதுக்கும் இவ்வரிசையே பொருந்தும். ‘எந்த உறுப்பை மாற்றலாம்?’ என்பது இறுதி வினா. ‘பழுது எஞ்சினிலா, மின்பகுதியிலா, வெளியே செல்லும் கம்பிகளிலா?’ என்பதே முதல் வினா. இதற்கு விடை கிடைத்துவிட்டால், ஆராய வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடுகிறது.

இந்த விடையைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை, செவி போதும். ராடு இரும்பைத் தொட்டுச் சுடர் எழும் நொடியில் எஞ்சினின் ஓசையைக் கூர்ந்து கேட்க வேண்டும். நலமான எஞ்சின், சுமை ஏறியதும் ஒரு நொடி முனகி, உடனே மீண்டும் வேகம் பெறும். சுழற்சி குறைவதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டித் தரும் ‘கவர்னர்’ என்னும் வேகக் கட்டுப்படுத்தியின் பணி அது.

எஞ்சின் முனகித் தாழ்ந்து, மீண்டெழாமல் திணறினால், சுமை அதனை எட்டுகிறது, சுமக்கத்தான் வலுவில்லை. ஆகவே எஞ்சினை ஆராய வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். எஞ்சின் சற்றும் முனகாமல் முன்போலவே ஓடினால், சுமை அதனை எட்டவே இல்லை. அந்நிலையில் எஞ்சினைக் குறை கூறுவதில் பயனில்லை. மின்பாதை எங்கோ அறுபட்டிருக்கிறது. எஞ்சின் முனகி மீண்டும், சுடர் மட்டும் நலிந்திருந்தால், ஆக்கப்பட்ட மின்சாரம் வழியில் வீணாகிறது. கம்பிகளையும் இணைப்புகளையும் ஆராய வேண்டும்.

செவி சொன்னதை மின்னளவி கொண்டு உறுதிசெய்யலாம். 230 வோல்ட் இணைப்பில் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் குறைந்திருந்தால் முதல் ஐயம் எஞ்சினின் வேகத்தின்மீது எழ வேண்டும். அதிர்வெண் சரியாக இருந்து மின்னழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் மின்பகுதியின்மீது ஐயம் கொள்ளலாம். சில எந்திரங்களில், வேலை இல்லாதபோது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதனை நிறுத்திவிட்டு அளந்தால்தான் இச்சோதனை உண்மை சொல்லும்.

கை வைக்கும் முன்

இடம் தெரிந்தவுடன் கருவிப்பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. முதலில் சுமையை நீக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். அது தற்செயலாகக் கிளம்பாதிருக்க, பிளக்கின் மேல்மூடியைக் கழற்றிவைக்க வேண்டும். புகைபோக்கி நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவது நெருப்பை அழைப்பதற்கு ஒப்பாகும். மின்பகுதியில் உள்ள மின்தேக்கி, எஞ்சின் நின்ற பின்னரும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பயிற்சி பெற்றவரே அதனைத் தொட வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத பகை. எஞ்சின் வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்புடன் அது சேர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் எனத் தொடங்கி, உதவிக்கு அழைக்கும் வலுவையும் பறித்து உயிரைக் குடித்துவிடும். எனவே, அறைக்குள்ளோ குழிக்குள்ளோ பாதி மூடிய கொட்டகைக்குள்ளோ இவ்வெந்திரத்தை ஓடவிடக் கூடாது. மழை வந்தாலும் இவ்விதியைத் தளர்த்தலாகாது. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தொலைவில், புகை வெளிப்புறம் நோக்கிச் செல்லுமாறு எந்திரத்தை நிறுத்த வேண்டும். உடன் பணிபுரிபவர் தலை சுற்றுகிறது என்று சொன்னால், வெயிலின் விளைவு என ஒதுக்காமல் அவரை உடனே தூய காற்றுக்கு அழைத்துச்சென்று மருத்துவ உதவி நாட வேண்டும்.

எஞ்சின் கிளம்பாதபோது

பெட்ரோல் எஞ்சின் இயங்க எரிபொருள், காற்று, உரிய நேரத்தில் தீப்பொறி, உருளைக்குள் போதிய அழுத்தம் ஆகிய நான்கும் வேண்டும். கிளம்பாத எஞ்சினில் இவற்றுள் ஒன்று இல்லை என்பது உறுதி. எது இல்லை என்பதை எளியதிலிருந்து அரியதை நோக்கிச் சென்று கண்டறிய வேண்டும்.

எஞ்சினின் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் உள்ளதா, டாங்கில் பெட்ரோல் உள்ளதா, அதன் குழாய் திறந்துள்ளதா, ஆயில் அளவு சரியாக உள்ளதா ஆகிய நான்கையும் பார்க்கச் செலவு ஏதுமில்லை. ஆயிலை முதலிலேயே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பல சிறு எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியைத் தடுத்து எஞ்சினை நிறுத்தும் காப்பமைப்பு இருக்கிறது. எந்திரம் சரிவான தரையில் நின்றாலும் இக்காப்பமைப்பு ஏமாந்து எஞ்சினைத் தடுத்துவிடும். இதனை அறியாதவர், ‘தீப்பொறி வரவில்லை’ என்று காயிலை மாற்றிப் பணத்தை இழப்பர். அதன் கம்பியைத் துண்டித்து ஓட்டுபவர், ஆயிலின்றி எஞ்சினையே இழப்பர்.

அடுத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை எஞ்சினின் உடல்நிலையைக் காட்டும் நாக்கு எனலாம். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரிப்படிவு, பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்ததைக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கு, ஆயில் எரிவதை உணர்த்தும். வெளிறிய வெண்மை, காற்று மிகுந்து சூடேறியதைச் சுட்டும். பலமுறை இழுத்தும் பிளக் முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்துசேரவில்லை. நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை அல்லது பெட்ரோல் வெள்ளமாகிவிட்டது. பல சிறு எஞ்சின்களில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தீப்பொறியைச் சோதிப்பவர், அதற்குரிய சோதனைக் கருவியைப் பயன்படுத்துவதும், சிந்திய பெட்ரோல் முற்றிலும் உலர்ந்ததை உறுதிசெய்வதும் கட்டாயம்.

பெட்ரோல் வரவில்லை எனில், நெடுநாள் தேங்கிய எரிபொருளின்மீது ஐயம் கொள்ளலாம். பழைய பெட்ரோல் ஆவியாகிக் கார்புரேட்டருக்குள் பிசின்போன்ற படிவை விட்டுச் செல்கிறது. ஊசிமுனை அளவே உள்ள ஜெட்டின் துளையை அடைக்க அது போதும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால், காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அவ்வாறு சேரும் நீர் டாங்கின் அடியில் தங்கி எஞ்சினைத் தடுமாறச் செய்யும்.

ஓடி ஓடி நிற்கும் எஞ்சின்

கட்டட வேலை நடக்கும் இடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலையில் முதல் இழுப்பிலேயே எஞ்சின் கிளம்புகிறது. பதினைந்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பிறகு மூச்சடைத்ததுபோல் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து இழுத்தால் மீண்டும் கிளம்புகிறது, மீண்டும் நிற்கிறது.

“அண்ணே, கார்புரேட்டர் போயிடுச்சு. புதுசு வாங்கிப் போட்டுரலாம்” என்கிறார் இளைய உதவியாளர்.

“போயிருந்தா காலையில எப்படித் தம்பி ஓடுச்சு? அடுத்த தடவை நிக்கும்போது என்னைக் கூப்பிடு” என்கிறார் மூத்த பற்றவைப்பாளர்.

எஞ்சின் நின்றதும் அவர் முதலில் தீப்பொறியைச் சோதிக்கிறார். அது வலுவாக இருக்கிறது. எனவே, குறை எரிபொருள் வழியில் இருக்க வேண்டும். சோதனைக் கருவியை அகற்றிப் பிளக்கைப் பொருத்தி, எஞ்சின் ஆறிய பின் டாங்கின் மூடியை மெல்லத் திறக்கிறார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்கிறது. எஞ்சினை இழுக்கிறார்; உடனே கிளம்புகிறது. மூடியில் காற்று புகுவதற்காக அமைந்த நுண்துளை சிமெண்டுத் தூசியால் அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேற டாங்கிற்குள் அழுத்தம் குறைந்து, எரிபொருள் இறங்குவது நின்றுபோயிற்று. நிறுத்திவைத்த நேரத்தில் சிறிதளவு காற்று கசிந்து புகுந்ததால் மீண்டும் கிளம்பியது. துளையைத் துடைத்ததும் அன்றைய வேலை தொடர்கிறது.

மூத்தவர் செய்தது மந்திரமன்று. பழுது நிகழும் வேளையிலேயே அதனைச் சோதித்தார். ஒரு வினாவுக்கு ஒரு சோதனை என்று வகுத்துக்கொண்டார். அதே நேரத்தில் தீப்பொறி இல்லாதிருந்தால், சூடேறியதும் செயலிழக்கும் காயிலின் பக்கம் அவருடைய ஆய்வு திரும்பியிருக்கும்.

சுமை ஏறினால் தளர்வது

சுமையின்றி நன்றாக ஓடி, ராடு தொட்டதும் தளரும் எஞ்சினுக்கு முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். கிரைண்டர் தூசியும் சிமெண்டும் பறக்கும் இடத்தில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். அப்போது கரும்புகை எழும், பெட்ரோல் வீணாகும், வலு குன்றும். புகைபோக்கியின் முனையில் உள்ள வலை கரியால் அடைபட்டாலும் இதே நிலை தோன்றும். உள்ளே மூச்சு இழுக்க இயலாததும் வெளியே விட இயலாததும் உடலுக்கு ஒரே துன்பந்தானே!

ஓசை ஏறியும் இறங்கியும் அலைபாய்ந்தால், பெரும்பாலும் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்கவில்லை எனக் கொள்ளலாம். ஜெட்டின் அடைப்போ, கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவோ அதற்குக் காரணமாகலாம். கவர்னரின் ஸ்பிரிங்கை முறுக்கி இதனைச் சரிசெய்ய முயல்வது தவறு. அளவுக்கு மீறிய வேகம், மின்னழுத்தத்தைக் கூட்டி இணைத்துள்ள கருவிகளைக் கருக்கிவிடும். சுழலும் பகுதிகளும் சிதையக்கூடும். மலைப்பகுதிகளில் வலு சற்றுக் குறைவது பழுதன்று. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 3.5 விழுக்காடு குறையும்.

எஞ்சின் ஓடுகிறது, மின்சாரம் இல்லை

இந்நிலையிலும் எளியதே முதலில். மிகைச்சுமையால் விழுந்த பிரேக்கரை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். மீண்டும் விழுந்தால் வலிந்து நிமிர்த்தாமல், இணைத்துள்ள கருவிகள் அனைத்தையும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நீக்கியபின் நின்றுகொண்டால் குறை கருவியில் இருக்கிறது. தானியங்கி வேகக்குறைப்பு அமைப்பு சிக்கிக்கொண்டு, எஞ்சின் தாழ்ந்த வேகத்திலேயே ஓடினாலும் பற்றவைப்பு நிகழாது.

அதன்பின் காந்தத்தைப் பற்றி எண்ண வேண்டும். பல மின்னாக்கிகளில் நிலைக்காந்தம் இல்லை. முன்பு ஓடியபோது இரும்பில் எஞ்சிய சிறு காந்தத்தன்மையே முதல் மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. அம்மின்சாரம் காந்தத்தை வலுப்படுத்த, வலுத்த காந்தம் மேலும் மின்சாரத்தை ஆக்குகிறது. அணையாத ஒரு கங்கு அடுப்பை மூட்டுவது போன்ற செயல் இது. நெடுநாள் ஓடாமல் கிடந்தாலும், சுமையை நீக்காமல் எஞ்சினை நிறுத்தினாலும் அந்தக் கங்கு அவியக்கூடும். மின்னளவி 230 வோல்ட்டுக்குப் பதிலாக இரண்டு, மூன்று வோல்ட் மட்டும் காட்டினால், கங்கு உள்ளது. அடுப்பு மூளவில்லை எனக் கொள்ளலாம். தேய்ந்த கார்பன் பிரஷ், பழுதான மின்தேக்கி, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவற்றை எந்திரத்தின் வகைக்கேற்ப ஆராய வேண்டும். ஒன்றுமே காட்டாவிடில், எஞ்சிய காந்தம் அழிந்திருக்கலாம், அல்லது சுருள் அறுபட்டிருக்கலாம். காந்தத்தை மீண்டும் ஊட்ட வழி உண்டு. அது கையேட்டின்படி பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி.

தெரியுமா?

மின்னாக்கி தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் நெறியை 1866-67ஆம் ஆண்டுகளில் வெர்னர் வான் சீமன்ஸ், சார்லஸ் வீட்ஸ்டன், சாமுவேல் ஆல்ஃபிரட் வார்லி ஆகியோர் தனித்தனியே வெளிப்படுத்தினர். மின்சுடரால் உலோகத்தை இணைக்கும் முறைக்கு நிக்கோலாய் பெனார்டோசும் ஸ்டனிஸ்லாவ் ஓல்செவ்ஸ்கியும் 1880களில் காப்புரிமை பெற்றனர். நம் மாநிலத்தில், திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவருகிறது.

சுடர் நலியும்போது

கிரைண்டர் நன்றாகச் சுழன்று, பற்றவைப்பு மட்டும் கெட்டால், எஞ்சினை ஐயுற வேண்டியதில்லை. பற்றவைப்பு வழியில் மட்டும் உள்ளவற்றை ஆராய்ந்தால் போதும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடுகளுள் ஒன்று கெட்டாலும் சுடர் வலுவிழந்து நடுங்கும். ஆயினும், அதற்கு முன் பார்க்க வேண்டியவை கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப் ஆகிய மூன்றுமே.

தளர்ந்த இணைப்பு ஒன்றின் மின்தடை 0.02 ஓம் என்று கொள்வோம். கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால், 150 ஆம்பியர் பாயும்போது அங்கு 3 வோல்ட் இழக்கப்படுகிறது. 450 வாட் வெப்பம் பிறக்கிறது. சுடருக்குரிய 26 வோல்ட்டில் 3 வோல்ட் குறைந்தால் சுடர் நலிவதில் வியப்பில்லை. ஆகவே, எஞ்சினை நிறுத்தியபின் எந்த இணைப்பு அளவுக்கு மீறிச் சூடாக இருக்கிறதோ, அதுவே பழுதின் முகவரி. வண்ணப்பூச்சின்மீதும் துருவின்மீதும் கிளாம்பைக் கவ்வவைத்தாலும் இதே கேடு நேரும். கம்பி வளையங்களைச் சுருட்டியபடியே பயன்படுத்தாமல் விரித்துவிட வேண்டும். ஈரம் ஏறிய ராடும் சுடரைக் கெடுக்கும்.

சில நேரங்களில் எந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள ஓய்வு கேட்கும். ‘பணிச்சுழற்சி 60 விழுக்காடு’ என்று பலகையில் குறித்திருந்தால், அங்குச் சுட்டிய மின்னோட்டத்தில் 10 நிமிடத்திற்கு 6 நிமிடமே பற்றவைக்கலாம். எஞ்சிய 4 நிமிடம் எந்திரம் ஆற வேண்டும் என்பது பொருள். இதனை மீறினால் வெப்பக் காப்பமைப்பு மின்சாரத்தை நிறுத்தும். அது பழுதன்று, எச்சரிக்கை.

வருமுன் காத்தல்

நாள்தோறும் ஆயில் பார்த்தல், ஏர் ஃபில்டரைத் தூய்மை செய்தல், இணைப்புகளை முறுக்குதல் ஆகிய மூன்றும் பெரும்பான்மைப் பழுதுகளை வாசலிலேயே தடுத்துவிடும். புதிய சிறு எஞ்சின்கள் பலவற்றில் முதல் 20 மணிநேர ஓட்டத்திற்குப் பின்னும், அதன்பின் 100 மணிநேரத்திற்கு ஒருமுறையும் ஆயிலை மாற்றுமாறு கையேடுகள் கூறுகின்றன. நெடுநாள் ஓட்டாது வைப்பதாயின், டாங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் தேவை. என்று, எந்த நிலையில், எவ்வாறு நின்றது. எதைச் செய்தபின் ஓடியது என்று இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்த பழுதின்போது அதுவே வழிகாட்டும். ஒரே நேரத்தில் மூன்று உறுப்புகளை மாற்றினால் எந்திரம் ஓடலாம். எதனால் ஓடியது என்பது தெரியாமலே போகும். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், எழுதிவை என்பதே நல்ல கைவினைஞரின் ஒழுங்கு.

எந்திரம் பொய் சொல்வதில்லை. ஓசை, புகை, சூடு, பிளக்கின் நிறம் ஆகிய சான்றுகளை அது ஒளிவின்றி முன்வைக்கிறது. அவற்றைக் கேளாமல் முடிவெடுப்பவர் உறுப்புகளை மாற்றுகிறார்; கேட்டு முடிவெடுப்பவர் பழுதை நீக்குகிறார்.

கலைச்சொற்கள்

பற்றவைப்பு – வெல்டிங்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
பற்றவைப்புக் குச்சி – ராடு
தீப்பொறிச் செருகி – ஸ்பார்க் பிளக்
காற்று வடிகட்டி – ஏர் ஃபில்டர்
வேகக் கட்டுப்படுத்தி – கவர்னர்
மின்தேக்கி – கெப்பாசிட்டர்
மின்னளவி – மல்டிமீட்டர்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள பட்டறைக்குச் சென்று, எந்திரப் பழுதுகளைக் குறிக்கத் தொழிலாளர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.
2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பழுதான கருவி ஒன்றைத் தேர்ந்து, கழற்றாமலேயே பழுதின் இடத்தைக் குறுக்க உதவும் மூன்று வினாக்களை உருவாக்குக.
3. ‘கண்ணுக்குத் தெரியாத பகை’ என்னும் தலைப்பில் கார்பன் மோனாக்சைடு குறித்த விழிப்புணர்வுச் சுவரொட்டி உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. இரண்டு காந்த முனைகள் கொண்ட மின்னாக்கி 50 ஹெர்ட்ஸ் தருவதற்கு நிமிடத்திற்குச் சுழல வேண்டிய எண்ணிக்கை
அ) 1500 ஆ) 3000 இ) 3600 ஈ) 6000

2. அதிர்வெண் சரியாக இருந்து மின்னழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ஆராய வேண்டியது
அ) கார்புரேட்டர் ஆ) ஏர் ஃபில்டர் இ) மின்பகுதி ஈ) டாங்கின் மூடி

3. கூற்று: ஆயில் குறைந்த எஞ்சினில் தீப்பொறி வராமல் போகலாம்.
காரணம்: காப்பமைப்பு தீப்பொறியைத் தடுத்து எஞ்சினை நிறுத்துகிறது.
அ) கூற்று சரி, காரணம் தவறு ஆ) கூற்று தவறு, காரணம் சரி இ) கூற்று சரி, காரணமும் சரி ஈ) இரண்டும் தவறு

குறுவினா

1. பிளக்கின் முனை காட்டும் நிறங்கள் உணர்த்துவன யாவை?
2. ‘பணிச்சுழற்சி 60 விழுக்காடு’ – விளக்குக.

சிறுவினா

1. ராடு தொடும் நொடியில் எஞ்சினின் ஓசை பழுதின் இடத்தை எவ்வாறு காட்டுகிறது?
2. ‘அணையாத கங்கு’ என்னும் உவமை வழி எஞ்சிய காந்தத்தின் பணியை விளக்குக.

நெடுவினா

1. ‘உறுப்பை மாற்றுவது வேறு, பழுதை நீக்குவது வேறு’ – பாடக்கருத்துகள் கொண்டு நிறுவுக.